நூற்று நாற்பத்து மூன்றாம் நாற்காலி

பயப்படுவதில் டீச்சரை மிஞ்ச ஆள் கிடையாது. பல்லிக்குப் பயம், பால் பொங்கி வழிவதற்குப் பயம், தபால்காரர் மணியடித்தால் பயம். பதினாறு வருஷமாகக் கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். இன்றைக்கும் வகுப்புக்குள் நுழையும்போது நெஞ்சு படபடக்கும். இத்தனை பயத்துக்கும் தலைமைப் பயம் ஒன்று உண்டு. அது தப்புக் கணக்கு. கரும்பலகையில் ஒரு கூட்டல் பிசகிவிட்டால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட மனுஷியைத்தான் கொண்டுபோய்ச் சமச்சீர் ஆய்வு நிறுவனத்தின் வாயில் தள்ளினார்கள். நாலு வருஷத்துக்குள் முனைவர் பட்டம் வாங்கிக் காட்டாதவர்கள் வீட்டோடு இருக்கலாம் என்று கல்லூரியில் ஓர் உத்தரவு. டீச்சர் ராத்திரி பகல் பார்க்காமல் ஆய்வு செய்து, ஆய்வேட்டைக் கொடுத்தும் ஆகிவிட்டது. கெடு முடிய இன்னும் ஐந்தே நாள். வருகிற வெள்ளிக்கிழமை மாலைக்குள் சான்றிதழ் கல்லூரி அலுவலக மேஜைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பதினாறு வருஷமும் அம்போ.

நிறுவனத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். அங்கே எல்லாமே ஜோடி. கட்டடத்துக்கு இரண்டு வாசல். இடது வாசல் நிஜம், வலது வாசல் சுவரில் வரைந்தது. முதல் நாள் டீச்சர் வரைந்த வாசலில்தான் போய் முட்டிக்கொண்டாள். இடதுபக்க அறையில் ஒருவர் விடுப்பு எடுத்தால் அதற்கு நேர் எதிரே வலதுபக்க அறையில் இருப்பவரும் காய்ச்சல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு தரம் நிஜமாகவே ஒருவருக்குக் கால் உடைந்துவிட்டது. எதிர் அறைக்காரர் ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு நொண்டினார். சட்டம் என்றால் சட்டம்.

அவர்கள் ஆராய்வது ரீமான் பரப்புகளின் சமச்சீர். பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். அதற்குத்தான் டீச்சர் இருக்கிறாள். மூன்று துளை போட்ட ரப்பர்ப் பொம்மை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் வரைந்த கோணம் ஒன்றும் கெடாமல், திருப்பி வைத்த சுவடே தெரியாமல், தன் மேலேயே அதைத் திருப்பி வைக்க எத்தனை வழி உண்டோ அத்தனை சமச்சீர். கண்ணாடியில் கவிழ்த்துக் காட்டுவது ஆட்டத்தில் சேராது. மூன்று துளை உள்ள எந்தப் பரப்புக்கும் நூற்று அறுபத்தெட்டுக்கு மேல் சமச்சீர் கிடையாது என்பது நூறு வருஷத்துக்கு முன்பே நிரூபணமான சங்கதி.

பரப்பு வளைந்து நெளிந்து கிடப்பதால் அதை வைத்துக் கணக்குப் போடுவது பெரும்பாடு. ஆகவே ஒவ்வொரு பரப்புக்கும் ஜக்கோபியன் என்று ஒன்று உண்டு. பரப்பின் நிழல் என்று வைத்துக்கொள்ளலாம். நிழலில் கூட்டல் கழித்தல் எல்லாம் சுலபம். பரப்பு எப்படியெல்லாம் திரும்புகிறதோ அப்படியெல்லாம் நிழலும் திரும்பும். ஆனால் நிழலுக்குத் தனியாக ஒரு வித்தை தெரியும்: கூட்டலை எல்லாம் கழித்தலாக்கிக்கொண்டு அப்படியே தலைகீழாகப் புரண்டுவிடும். பரப்பு பாவம், பெரும்பாலும் அந்த வித்தை அறியாதது. அதனால் நிழலைப் பார்த்து எண்ணினால் இரண்டு மடங்கு வரும்.

நிறுவனத்தின் சின்னமே மூன்று துளைப் பரப்பு ஒன்றுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இயக்குநர் அதன் சமச்சீர்களை எண்ணி நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று கண்டுபிடித்தார். அதை முகப்பில் கல்லில் வெட்டி வைத்தார்கள். சின்னத்துக்கு எத்தனை சமச்சீரோ நிறுவனத்தில் அத்தனை பதவி, பதவிக்கு ஓர் எண் போட்ட நாற்காலி என்று விதியும் எழுதினார்கள். டீச்சர் நாலு வருஷம் எண்ணிப் பார்த்துவிட்டு, ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் தொண்ணூற்றாறு என்று எழுதியிருந்தாள். இயக்குநர் நிழலை எண்ணியிருக்கிறார்; உடம்பை எண்ணவில்லை. அதை எழுதிய அன்றிலிருந்து மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, தப்பா எண்ணிட்டேனோ?" என்று வீட்டில் கணவனைக் கேட்டாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன்.

"நாப்பது தரம் எண்ணிட்டே. பாப்பாவே தூக்கத்துல தொண்ணூத்தாறுங்கறா" என்றான் அவன்.

திங்கட்கிழமை காலை டீச்சர் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேட்கப் போனாள். நாற்பத்தேழாம் நாற்காலி எழுத்தர் அவளுடைய கோப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"டீச்சர், இது அசல் கோப்பு. நிழல் கோப்பு எங்கே?"

"நிழல் கோப்பா? அப்படின்னா?"

"ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு கோப்பு. அசல்ல எது இருக்கோ அதெல்லாம் நிழல்ல இருக்கும். அதோட அதுக்கு நேர்மாறும் இருக்கும். நாங்க வேலை பாக்கறது எல்லாம் நிழல் கோப்புலதான். அதுதான் சுலபம். அசலை யாரு பிரிச்சுப் பாக்கறாங்க?"

"சரிங்க, அதைத் திறந்து கொடுத்துடுங்களேன்."

"நான் திறக்க முடியாது. நூத்தி நாப்பத்தி மூணாம் நாற்காலிதான் திறக்கணும்."

எழுத்தர் காட்டிய பக்கம் ஒரு நாற்காலி இருந்தது. அதன் முதுகில் ஒரு துண்டு தொங்கியது. ஆள் இல்லை.

"எப்ப வருவாருங்க?"

எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "வெளியே சொல்லாதீங்க. அவரு நான்தான். நாப்பத்தேழோட தொண்ணூத்தாறைக் கூட்டிப் பாருங்க."

கூட்டிப் பார்த்தாள். சரியாக வந்தது. "அப்ப நீங்களே அங்க போய் உக்காந்து..."

"அவரு நான்தான், ஆனா நான் அவரு இல்லையே! நான் எழுந்து அங்க போனா இங்க நாப்பத்தேழு காலியாயிடும். நாப்பத்தேழு காலின்னா நூத்தி நாப்பத்தி மூணும் காலி. அப்புறம் யாரு கையெழுத்துப் போடறது?" என்ற எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கே அந்த நாற்காலியைப் பார்த்தா பயமா இருக்கு டீச்சர். சில நாள் துண்டு இடம் மாறிக் கிடக்குது."

டீச்சர் அந்த நாற்காலிக்கு முதுகு காட்டாமல் இரண்டடி தள்ளி நின்றாள். எழுத்தர் இரக்கப்பட்டு, தேர்வுக் குறிப்பில் 'நிழல் கோப்பு: நடவடிக்கையில் உள்ளது' என்று எழுதி மேலே அனுப்பினார். நடவடிக்கையில் உள்ளது என்றால் நடந்தது மாதிரிதான் என்பது எல்லா அலுவலகங்களிலும் வழக்கம். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. வியாழக்கிழமை பொதுஅவையில் தேர்வு என்று நாள் குறித்துவிட்டார்கள்.

புதன்கிழமை இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். அவளுடைய நெறியாளர், இயக்குநர் அறை வாசல்வரை கூட வந்து, "என் பேரை மட்டும் இழுத்துடாதம்மா. உன் ஆய்வேட்டை நான் இன்னும் படிக்கவே இல்லை. அதைச் சத்தியம் பண்ணிக்கூடச் சொல்லுவேன்" என்று சொல்லிவிட்டுக் கழிவறைப் பக்கம் ஓடிப்போனார்.

இயக்குநரின் மேஜையில் இரண்டு பெயர்ப் பலகை, இரண்டு தண்ணீர்க் குவளை, இரண்டு பேனா. அவர் கோபப்படவில்லை. அதுதான் டீச்சரை அதிகமாக நடுங்க வைத்தது.

"உக்காருங்கம்மா. நல்ல ஆய்வு. ஒரே ஒரு எண்ணை மட்டும் திருத்தணும்."

"சார், மூணு துளைன்னா நூத்தி அறுபத்தெட்டுக்கு மேல..."

"அது பழைய உச்சவரம்பு. நம்ம நிறுவனம் ஆரம்பிச்ச வருஷமே அதைத் தீர்மானம் போட்டு உயர்த்தியாச்சு. உயர்த்தினப்போ யாரும் எதிர்ப்புச் சொல்லலை. பரப்பும் சொல்லலை." அவர் கனிவோடு முன்னால் சாய்ந்தார். "நீங்க தொண்ணூத்தாறுன்னு எழுதினா என்ன ஆகும்? விதிப்படி மீதித் தொண்ணூத்தாறு பதவி போயிடும். அந்தத் தொண்ணூத்தாறு பேரும் இல்லாதவங்கதான். இல்லைன்னு நான் சொல்லலையே! ஆனா இல்லாதவங்களுக்கும் ஒரு குடும்பம் இருக்கில்ல? நாலு பேரு ஓய்வு பெறப்போற நேரம். ஒருத்தருக்கு வருஷத்தின் சிறந்த ஊழியர் விருது கொடுத்திருக்கோம். லீவே எடுக்காதவரு. வரவே வராதவரு எப்படிம்மா லீவு எடுப்பாரு?"

"ஆமாங்க சார்" என்றாள் டீச்சர். பயத்தில் அவளுக்கு வாயில் வருகிற ஒரே பதில் அதுதான்.

"நாளைக்குப் பொதுஅவையில பலகையில நூத்தித் தொண்ணூத்திரண்டுன்னு எழுதுங்க. ஓட்டெடுப்பு நடக்கும். அது வெறும் சடங்கு. ஒவ்வொருத்தரும் ஒரு பக்கம் கை தூக்கினா அவங்க நிழல் எதிர்ப்பக்கம் தூக்கினதாக் கணக்கு. கூட்டிப் பாத்தா பூச்சியம். பூச்சியம்னா அவை எனக்கே விட்டுடுச்சுன்னு அர்த்தம். இருபத்திரண்டு வருஷமா எல்லா முடிவும் இப்படித்தான் எடுக்கறோம். இதைவிட ஜனநாயகம் எங்க இருக்கு?"

அன்று முழுக்க டீச்சர் வீட்டில் ஓர் இடத்தில் உட்காரவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள்.

"நூத்தித் தொண்ணூத்திரண்டுன்னே எழுதிடறேங்க. வேலை போயிட்டா பாப்பா படிப்பு என்ன ஆகறது?"

"எழுது. யாரு வேண்டாங்கறா?"

"தப்பாச்சே அது."

"அப்ப எழுதாதே."

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எதை எழுதறதுக்கு?"

அவள் பிழிந்த துணியை மறுபடி வாளியில் போட்டாள். இரண்டுக்கும்தான். ஆனால் இரண்டு பயமும் ஒரே எடை இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது. அது தெரிந்ததுதான் மூன்றாவது பயம்.

வியாழக்கிழமை பொதுஅவையில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். தொண்ணூற்றாறில் ஆட்கள், தொண்ணூற்றாறில் துண்டுகள். ஓரத்தில் டீச்சருக்கு ஒரு நாற்காலி. தேர்வு எழுதுகிறவரும் ஓட்டுப் போடலாம் என்று விதி தாராளமாகச் சொன்னது. எப்படியும் அவர் நிழல் அதைக் கழித்துவிடும் என்கிற தைரியம். கதவைச் சாத்தினார்கள். எதிரே வரைந்திருந்த கதவு எப்போதும்போலச் சாத்தியே இருந்தது.

இயக்குநர் பேசினார். "இந்த நிறுவனம் உண்மைக்காக நிற்கிறது. உண்மை நம்மைவிடப் பெரியது. ஆகவே அதைத் தொந்தரவு செய்யாமல் தள்ளி நிற்பதுதான் மரியாதை." துண்டுகள் தவிர எல்லாரும் கைதட்டினார்கள். "டீச்சர், விடையை எழுதுங்கள்."

டீச்சர் சுண்ணக்கட்டியை எடுத்தாள். ஒன்று என்று போட வேண்டும். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்பது, அதற்குப் பக்கத்தில் இரண்டு. பேசாமல் எழுதிவிட்டு இறங்கிவிடலாம். கட்டியைப் பலகையில் வைத்தாள். வைத்ததும் கரும்பலகை முன்னால் நிற்கிற பதினாறு வருஷப் பயம் வந்து மற்ற பயங்களை எல்லாம் பிடித்துத் தள்ளிவிட்டது. ஒன்பது என்று எழுதினாள். பக்கத்தில் ஆறு எழுதினாள். எழுதிய பிறகுதான் சபையைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது.

நெறியாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இயக்குநர் புன்னகை மாறாமல், "பரவாயில்லை. ஓட்டெடுப்பு இருக்கிறது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சரி என்பவர்கள்?" என்றார்.

தொண்ணூற்றாறு கைகள் உயர்ந்தன. நாற்பத்தேழாம் எழுத்தர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அவர்களுடைய நிழல்கள் தொண்ணூற்றாறும் எதிர்ப்பக்கம்.

"தொண்ணூற்றாறு சரி என்பவர்கள் இன்னும் யாராவது?"

டீச்சர் கை தூக்கினாள். தலை சுற்றித் தண்ணீர் கேட்பதற்காகத் தூக்கினாள் என்று நெறியாளர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது பொய். டீச்சர் தெரிந்துதான் தூக்கினாள். பயந்துகொண்டேதான் தூக்கினாள்.

எழுத்தர் கூட்டினார். மறுபடி கூட்டினார். பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்தும் பார்த்தார். அவர் முகம் வெளிறியது.

"சார்... பூச்சியம் வரலை."

"என்ன வருது?"

"ஒண்ணு வருது சார். டீச்சருக்கு நிழல் கோப்பு இன்னும் திறக்கலை. நடவடிக்கையில இருக்கு. அவங்க ஓட்டைக் கழிக்க ஆள் இல்லை."

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தரமாக அந்த அவையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. சின்னத்தின் சமச்சீர் தொண்ணூற்றாறு. ஆய்வேடு ஏற்கப்பட்டது. விதிப்படி பதவிகளும் தொண்ணூற்றாறு. மீதி ரத்து.

"சரி, நிழல்கள் போகட்டும். நாம் இருக்கிறோம் அல்லவா?" என்றார் இயக்குநர்.

"எது நிழல்னு அசல் கோப்பைப் பாத்துதான் சொல்லணும் சார்" என்றார் எழுத்தர். "அசல் எல்லாத்தையும் பின்கட்டு அறையில போட்டோம். பத்து வருஷத்துக்கு முன்னாடியே கரையான் தின்னுடுச்சு. நம்மகிட்ட இருக்கறது எல்லாம் நிழல் கோப்புதான்."

ஒருவர் தன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்து நாற்காலித் துண்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். நெறியாளர் அழுதே விட்டார். இத்தனை நாள் டீச்சர் ஒருத்தியே தனியாகச் சுமந்த பயத்தை இப்போது தொண்ணூற்றாறு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அவளுக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை; அவள் பங்கு குறையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே டீச்சர் சான்றிதழுக்காக இயக்குநர் அறையில் நின்றாள். அவர் ஒரே இரவில் பாதியாக இளைத்திருந்தார்.

"என்னைப் பாத்தா உங்களுக்கு எப்படிம்மா தெரியுது?" என்றார்.

"சார் சார் மாதிரிதான் தெரியறீங்க."

"மாதிரிதான், இல்லையா?" அவர் மேஜையில் இருந்த இரண்டு பெயர்ப் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "என் வீட்டுக்காரி நேத்து என்னை ரெண்டு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டா. நான் ரெண்டு தரமும் திரும்பிப் பாக்கலை. எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. இந்தக் கட்டடத்துல நிழல் இல்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான். நான் இருக்கேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா."

"முதல்ல என் சான்றிதழ்ல கையெழுத்துப் போடுங்க சார். சாயங்காலம் கெடு."

"நான் இருந்தாத்தானே போட முடியும்?"

"பட்டம் இருந்தாத்தானே சார் நான் எழுதித் தர முடியும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் டீச்சர்தான், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாள். மூன்று என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அந்த நிறுவனத்தில் சமச்சீர் என்று சொல்லத்தக்க காரியம் அது ஒன்றுதான் நடந்தது. மதியம் மூன்று மணிக்குச் சான்றிதழ் கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்தது. அங்கே முத்திரையைக் குத்திவிட்டு, "தப்பிச்சீங்க டீச்சர்" என்றார்கள்.

தப்பித்துவிட்டாளா? சனிக்கிழமை காலை தபால்காரர் மணியடித்தார்.

இரண்டு பதிவுத் தபால். ஒன்று டீச்சருக்கு. அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கி, வாசலில் நின்றபடியே பிரித்தாள். 'தங்களது நிழல் கோப்பு, புதன்கிழமை என முன்தேதியிட்டுத் திறக்கப்பட்டுள்ளது. இத்துடன் தனியே அனுப்பப்படும் அறிவிப்பைத் தங்கள் நிழல் பெற்றுக் கையொப்பமிட்டதும், வியாழனன்று தாங்கள் அளித்த ஓட்டு கழிக்கப்படும். கூட்டுத்தொகை பூச்சியமாகும். சின்னத்தின் சமச்சீர் மீண்டும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டாகும். தங்கள் ஆய்வேடு தவறாகும். பட்டம் ரத்தாகும்.' கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே: நூற்று நாற்பத்து மூன்றாம் நாற்காலி.

டீச்சர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். துண்டு தொங்கிய அந்த நாற்காலி கண்முன் வந்தது. யார் உட்கார்ந்து போட்ட கையெழுத்து இது?

"இது இன்னொண்ணு" என்று தபால்காரர் இரண்டாவது உறையை நீட்டினார். அதே முகவரி. பெயருக்குப் பக்கத்தில் மட்டும் 'நிழல்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. எனக்கு இன்னும் நாலு தெரு பாக்கி."

கணவன் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தான். "என்னது?"

டீச்சர் பேனாவை வாங்கினாள். பதினாறு வருஷமாக நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை. அது தானாகவே கோட்டின் மேல் போய் நின்றது. அவள் நிறுத்தினாள்.

"இந்த ஆள் இங்க இல்லைன்னா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"இல்லைன்னு உறை மேல எழுதிக் கொடுத்தா திருப்பி அனுப்பிடுவோம். அனுப்பினவங்களுக்கே போயிடும்."

டீச்சர் உறையைச் சுவரில் வைத்து, கரும்பலகையில் எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில், 'அப்படி ஓர் ஆள் இங்கே இல்லை' என்று எழுதினாள். ஒரு தரம் சரிபார்த்தாள். கணக்கில் தப்பில்லை. கொடுத்துவிட்டாள்.

தபால்காரர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்தி, மேல்தாழ்ப்பாள், கீழ்த்தாழ்ப்பாள் இரண்டையும் போட்டு, அதில் சாய்ந்து நின்றாள். இல்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. எழுதியது யாரைப் பற்றி என்று அங்கே அவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்களோ?

உள்ளறையில் இருந்து மகள் கூப்பிட்டாள். "அம்மா! எங்கம்மா இருக்கே?"

"இங்கதான் இருக்கேன்டி!" என்றாள் டீச்சர். தெருவுக்கே கேட்டிருக்கும். அப்படியும் போதாமல் இன்னொரு தரம் சொன்னாள்: "இருக்கேன்டி பாப்பா, இங்கதான் இருக்கேன்."